பழைய எம்.டி.பி. சைக்கிளுக்கு ரிஜிட் ஃபோர்க்: சேலம், ஏற்காடு ஓட்டிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் பல வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய எம்.டி.பி. (மலை) சைக்கிள் தூசி படிந்து நிற்கிறது. ஃபிரேம் நன்றாக இருக்கும், கியரும் ஓரளவு வேலை செய்யும், முன் ஷாக் மட்டும் செத்துப் போயிருக்கும். அந்த ஷாக்கைக் கழற்றிவிட்டு, அசையாத ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஒன்றைப் போட்டால் அந்த சைக்கிள் இன்னும் பல வருடம் ஓடும். இதை ரிஜிட் ஃபோர்க் என்கிறோம். என்னிடம் வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பலவும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: பிராண்டு, நிறம், எடை எல்லாம் அப்புறம். முதலில் நீளத்தை அளங்கள்.

ஷாக் போய்விட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரிப்பேர் பண்ண முடியாதா?

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடல் எடையால் அழுத்துங்கள். உள்ளே போகவே இல்லை என்றாலும், போனது திரும்பி வரவில்லை என்றாலும் அது ஷாக் இல்லை, வெறும் இரும்புச் சுமை. பிறகு பிரேக்கைப் பிடித்தபடியே சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் அந்த ஆட்டம் ஹெட்செட்டில் (ஃபோர்க் ஃபிரேமுக்குள் சுழல உதவும் பேரிங்கில்) இருக்கிறதா, ஷாக்கின் கால்களில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஹெட்செட்டின் கீழ்க் கப்பில் விரல் வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் ஆட்டம் ஹெட்செட்டில், தெரியாவிட்டால் ஷாக்கின் கால்களில். ஹெட்செட் ஆடினால் அதை இறுக்கினால் போதும். ஷாக்கின் கால்கள் ஆடினால் உள்ளே கால்கள் சரியும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

1990-களில் வந்த பல ஷாக்குகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் போன்ற எலாஸ்டோமர் கட்டைகள்தான் இருந்தன. இத்தனை வருடத்தில் அவை கல்லாகியிருக்கும், இல்லையென்றால் பிசினாகியிருக்கும். ஸ்பிரிங் வைத்த மலிவு ஷாக்குகளுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. நல்ல தரமான ஏர் ஷாக் வைத்திருப்பவர்கள் மட்டும் சீல் மாற்றி சர்வீஸ் செய்து பார்க்கலாம், அது காசுக்கு மதிப்பு.

ஷாக் இல்லாமல் ஏற்காடு ஏறி இறங்க முடியுமா?

தாராளமாக முடியும். 1989-90 வாக்கில் ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 என்ற முன் ஷாக் வரும் வரை மலை சைக்கிள்கள் பெரும்பாலும் ஷாக் இல்லாமல்தான் மலை ஏறி இறங்கின.

நம் மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து மேலே வரை 20 கொண்டை ஊசி வளைவுகள், முழுவதும் தார். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இவ்வளவு ஏற்றத்தில் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது ஷாக் மேலும் கீழும் ஆடி உங்கள் உழைப்பைத் தின்றுவிடும். ரிஜிட் ஃபோர்க்கில் அது நடக்காது. எடையும் குறையும். மலிவு ஸ்பிரிங் ஷாக் இரண்டரை கிலோ வரை இருக்கும், ஸ்டீல் ரிஜிட் ஃபோர்க் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கும்.

இறக்கத்தில் இன்னொரு லாபம் உண்டு, அதை ஓட்டிப் பார்த்தால்தான் உணர முடியும். வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் ஷாக் வைத்த சைக்கிளின் மூக்கு கீழே குனியும், வளைவுக்குள் போய் பிரேக்கை விட்டதும் எழும்பும். திருப்பத்தின் நடுவில் சைக்கிளின் நிலை இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ரிஜிட் ஃபோர்க் மூக்கைக் குனிய விடாது, அதனால் வளைவில் நுழைந்த கோட்டிலேயே வெளியே வரலாம்.

லூப் ரோட்டில் குண்டும் குழியும் வரும் இடங்களிலும், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதைகளிலும் கை அதிரும், அது உண்மை. அதற்கு மருந்து டயரில் இருக்கிறது, கீழே சொல்கிறேன். (தோட்டப் பாதைகள் பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தமானவை. கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.)

எந்த அளவை முதலில் பார்க்க வேண்டும்?

ஆக்சில்-டு-கிரவுன் நீளம். முன் சக்கர ஆக்சிலின் மையத்திலிருந்து, ஹெட்செட்டின் கீழ் வளையம் உட்காரும் ஃபோர்க்கின் தோள்பட்டை வரை உள்ள தூரம் அது. டேப்பை ஃபோர்க்கின் காலோடு ஒட்டி, நேராகப் பிடித்து மில்லிமீட்டரில் அளங்கள். அளக்கும்போது யாரும் சைக்கிள் மேல் உட்காரக் கூடாது.

26 அங்குல சக்கர சைக்கிள்களில் பொதுவாக இப்படி இருக்கும்: 80 மி.மீ. ஷாக் (அதாவது 80 மி.மீ. வரை உள்ளே இறங்கக்கூடியது) என்றால் நீளம் 450 மி.மீ. ஒட்டி வரும், 100 மி.மீ. ஷாக் என்றால் 470 மி.மீ. ஒட்டி வரும். ஷாக்கே இல்லாத காலத்து ஃபிரேமுக்கு 390 முதல் 410 மி.மீ. வரையான ஃபோர்க்தான் வந்திருக்கும். இவை தோராயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் டேப் காட்டுவதை நம்புங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஷாக் செத்து உள்ளே இறங்கியே நின்றுவிட்டால் டேப் குறைவான நீளத்தைக் காட்டும். அதனால் மேல் கால்களின் பளபளப்பான பகுதி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். 80 மி.மீ. ஷாக் என்று எழுதியிருந்து, 50 மி.மீ. மட்டுமே வெளியே தெரிந்தால் அது இறங்கிப்போய் நிற்கிறது. விடுபட்டதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஷாக் இருந்த அதே நீளத்துக்கு ரிஜிட் ஃபோர்க் வாங்கினால் சரியா?

சற்றுக் குறைவாக வாங்க வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சம் இறங்கும். மலை ஏறும் சைக்கிளில் அது ஷாக் இறங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். 100 மி.மீ. ஷாக் 20 மி.மீ. இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 470 மி.மீ. ஃபோர்க் நீங்கள் ஓட்டும்போது 450 மி.மீ. ஃபோர்க்காகத்தான் வேலை செய்கிறது. ரிஜிட் ஃபோர்க் இறங்காது, எனவே 450 மி.மீ.தான் உங்கள் இலக்கு. 80 மி.மீ. ஷாக்குக்கு 435 மி.மீ. ஒட்டிப் பாருங்கள். 5, 10 மி.மீ. முன்னே பின்னே இருந்தால் கவலை வேண்டாம்.

கடைகளில் 'சஸ்பென்ஷன் கரெக்டட்' என்று சொல்லி விற்பது இந்த நீளமான வகையைத்தான். தோள்பட்டைக்கும் டயருக்கும் நடுவே பெரிய இடைவெளி தெரியும், பார்க்க ஒல்லியாக உயரமாக நிற்கும். அழகில்லை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்த இடைவெளிதான் உங்கள் ஃபிரேமின் கோணத்தைக் காப்பாற்றுகிறது.

நீளம் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

முன்பக்கம் 20 மி.மீ. தாழ்ந்தால் ஹேண்டிலின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி செங்குத்தாகும், சீட்டின் கோணமும் அதே அளவு மாறும், பெடல் அச்சு 8 மி.மீ. வரை தரையை நெருங்கும். 470 மி.மீ. ஷாக் இருந்த இடத்தில் 400 மி.மீ. ஃபோர்க் போடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். ஷாக்கின் இறக்கத்தைக் கழித்தாலும் 50 மி.மீ. குறைகிறது. கோணம் இரண்டரை டிகிரி மாறும், பெடல் 20 மி.மீ. இறங்கும். ஊருக்குள் அஸ்தம்பட்டி வரை போய் வரும்போது 'சைக்கிள் ரொம்ப சுறுசுறுப்பா திரும்புதே' என்று சந்தோஷமாகக்கூட இருக்கும். அதே சைக்கிள் மலை இறக்கத்தில் நடுங்கும், கையை லேசாக அசைத்தாலும் சக்கரம் வெட்டிக்கொண்டு திரும்பும். வளைவில் சாய்ந்து மிதித்தால் பெடல் தரையில் உரசும்.

மறுபக்கம், ஷாக் இல்லாத காலத்து ஃபிரேமில் நீளமான ஃபோர்க் போடுவதும் தவறு. முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், ஏற்றத்தில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அதோடு ஹெட் டியூபும் (ஃபிரேமின் முன் குழாய்) கீழ்க் குழாயும் சேரும் வெல்டிங் மீது, அந்த ஃபிரேமைச் செய்தவர் நினைக்காத பாரம் விழும்.

ரேக், ஆஃப்செட் என்கிறார்களே?

ஸ்டியரர் (ஃபிரேமுக்குள் நுழையும் ஃபோர்க்கின் மேல் குழாய்) கோட்டிலிருந்து ஆக்சில் எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறது என்ற அளவு அது. 26 அங்குல எம்.டி.பி.க்கு 38 முதல் 45 மி.மீ. வரை இருக்கும். நீளத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் இதற்காக அலைய வேண்டாம். கால் வளைவாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதும் பெரிய விஷயமில்லை, நேர்க் கால் ஃபோர்க்கில் தோள்பட்டையிலேயே சாய்வு கொடுத்திருப்பார்கள்.

என் ஃபிரேமுக்குள் எந்த ஃபோர்க்கின் குழாய் நுழையும்? மரை வைத்ததா, மரை இல்லாததா?

பாதிப் பேர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான், பொறுமையாகப் படியுங்கள்.

ஹேண்டில் பிடிக்கும் ஸ்டெம்மைப் பாருங்கள். ஹெட்செட்டின் மேல் பெரிய நட் இருந்து, ஸ்டெம் மெல்லிய தண்டாக அதற்குள் இறங்கினால் உங்களுடையது மரை வைத்த ஸ்டியரர். ஸ்டெம் ஸ்டியரரைச் சுற்றிக் கவ்வி, பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுடன், தலையில் ஒரு மூடியுடன் இருந்தால் மரை இல்லாதது.

மரை வைத்ததில் பருமனைக் கண்டுபிடிக்க ஸ்பானர் போதும். மேல் நட்டுக்கு 32 மி.மீ. ஸ்பானர் சேர்ந்தால் பெரும்பாலும் 1 அங்குல ஸ்டியரர், 36 சேர்ந்தால் ஒன்றே எட்டில் ஒரு அங்குலம், 40 சேர்ந்தால் ஒன்றேகால். மரை இல்லாததில் ஸ்டெம்மைக் கழற்றி வெர்னியரால் அளந்தால் 25.4 அல்லது 28.6 மி.மீ. வரும். 28.6 வந்தால் நிம்மதி, அதாவது ஒன்றே எட்டில் ஒரு அங்குலம். அதிக வகை ஃபோர்க் கிடைப்பது அதற்குத்தான்.

மரை வைத்த ஃபோர்க் வாங்கினால் ஸ்டியரர் நீளமும் மரை இருக்கும் பகுதியும் உங்கள் ஹெட் டியூபுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். நல்ல நீளத்தில் மரை வைத்த ரிஜிட் ஃபோர்க் தேடுவதைவிட, ஹெட்செட், ஸ்டெம் இரண்டையும் சேர்த்து மாற்றி மரை இல்லாத முறைக்கு வந்துவிடுவதே என் சிபாரிசு. ஃபிரேமில் எதையும் வெட்ட வேண்டியதில்லை, அதே பருமனுக்கான கப்புகள் அதே துளையில் உட்காரும். செலவு கூடுகிறதுதான். ஆனால் அதன்பிறகு ஸ்டெம் நீளத்தையும் உயரத்தையும் உங்கள் முதுகுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது வரும் புது ஃபோர்க் பலவற்றில் ஸ்டியரர் கீழே ஒன்றரை அங்குலத்துக்கு அகன்றிருக்கும், டேப்பர்டு என்பார்கள். பழைய நேர்க்குழாய் ஃபிரேமுக்குள் அது நுழையாது. படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இதற்கு நேர்மாறாக, டேப்பர்டு ஃபிரேமில் நேர் ஸ்டியரர் ஃபோர்க்கை ஒரு வளையம் வைத்துப் போடலாம்.

பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய ஃபோர்க் கிடைக்கிறது. வாங்கலாமா?

முதலில் ஸ்டியரரின் நீளத்தைப் பாருங்கள். முன்னால் வைத்திருந்தவர் தன் சைக்கிளுக்கு ஏற்ப வெட்டியிருப்பார். உங்கள் ஹெட் டியூப், ஹெட்செட்டின் மேல் கீழ் உயரம், ஸ்டெம்மின் உயரம் எல்லாம் சேர்ந்து வருவதைவிட அது குட்டையாக இருந்தால் அந்த ஃபோர்க் உங்களுக்கில்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. ஸ்டியரரை ஒட்டு வைத்து நீட்டுவது உயிருக்கு உலை.

பிறகு தோள்பட்டைக்குக் கீழே கால்களின் முன்னும் பின்னும் பெயின்ட் சுருங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். எதிலாவது நேராக மோதிய ஃபோர்க்கில் அங்கேதான் சுருக்கம் விழும். நேரான சக்கரம் ஒன்றை மாட்டி இரு கால்களுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஃபோர்க்தான் கோணல். ஸ்டியரருக்குள் டார்ச் அடித்து துரு செதிலாக உதிர்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டீலா, அலுமினியமா, கார்பனா?

பழைய சைக்கிளுக்கு நான் ஸ்டீலைத்தான் சொல்வேன், குறிப்பாக குரோமோலி. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு அது, 4130 என்ற எண்ணைக் குழாயில் ஒட்டியிருப்பார்கள். மெல்லிய சுவரோடு செய்ய முடிவதால் கால் லேசாக வளைந்து கொடுக்கும், மண் பாதையின் சிறு அதிர்வு கைக்கு வருவது குறையும். மோதினால் பெரும்பாலும் வளைந்துதான் போகும். வளைந்ததைக் கண்ணால் பார்த்துத் தூக்கிப் போடலாம்.

அலுமினிய ஃபோர்க் ஒரு கிலோவுக்கும் கீழே வரும், துருப்பிடிக்காது, ஆனால் விறைப்பாக இருக்கும். வருடக்கணக்கில் அதிர்வு தாங்கித் தாங்கி அலுமினியம் களைத்துப்போகும் உலோகம். எனவே வரலாறு தெரியாத பழைய அலுமினிய ஃபோர்க்கை வாங்காதீர்கள். கார்பன் எடை குறைவு, அதிர்வும் குறைவு, ஆனால் உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது. பழையது வேண்டவே வேண்டாம். புதிதாக வாங்கினால் அதன் ஸ்டியரருக்குள் மூடியின் போல்ட்டைப் பிடிக்கும் நட்சத்திர நட்டை அடிக்கக் கூடாது, விரியும் பிளக்தான் போட வேண்டும்.

ஸ்டீல் வாங்கியவர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஸ்டியரரின் உட்புறத்திலும், கால்களில் உள்ள சிறு துளைகள் வழியாகவும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஏற்காட்டுப் பனியும் மழையும் உள்ளிருந்துதான் துருவை ஆரம்பிக்கும்.

சேலத்தில் இல்லாத ஸ்டீலா? இங்கேயே ஒரு பட்டறையில் ஃபோர்க் செய்து வாங்க முடியாதா? இல்லை, இருப்பதை வெட்டி வெல்டிங் வைக்க முடியாதா?

இந்தக் கேள்வி நம் ஊரில்தான் அதிகம் வரும், நம் பட்டறைக்காரர்களின் கைத்திறமையைப் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் வேண்டாம். சேலம் உருக்காலையில் உருட்டுவது ஸ்டெயின்லெஸ் தகடும் சுருளும். ஃபோர்க்குக்கு வேண்டியது மெல்லிய சுவர் குரோமோலி குழாய். அதில் சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் சூடுபட்ட இடம் எளிதில் உடையும் தன்மைக்கு வந்து, ஒரு நாள் சொல்லாமல் முறியும். மற்ற பாகம் உடைந்தால் ஓரமாக நிறுத்தி இறங்கலாம். இறக்கத்தில் ஃபோர்க் முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். செத்த ஷாக்கை இறுக்கி, வெல்டிங் அடித்து ரிஜிட்டாக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

லேத் பட்டறைக்கு வேறு நல்ல வேலைகள் இருக்கின்றன. கீழ் வளையம் உட்காரும் இடத்தை 1 அங்குல ஃபோர்க்கில் 27.0 மி.மீ.யிலிருந்து 26.4-க்குக் கடைந்து கொடுப்பது, ஸ்டெம்முக்குக் கீழே போடும் அலுமினிய வளையங்களைக் கடைவது, ஸ்டியரரைச் செங்குத்தாக அறுப்பது எல்லாவற்றையும் அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

பிரேக்கைப் பொறுத்து ஃபோர்க் மாறுமா?

கட்டாயம் மாறும். வி-பிரேக் (ரிம்மை இரு பக்கமும் கட்டையால் பிடிப்பது) என்றால் பிரேக் கைகளை மாட்ட கால்களில் இரண்டு முளைகள் இருக்க வேண்டும். டிஸ்க் என்றால் இடது காலின் கீழே காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) பிடிக்கும் இடம் வேண்டும். அதில் இரண்டு வகை: போல்ட் துளைகள் 51 மி.மீ. இடைவெளியில் பக்கவாட்டாக இருப்பது ஐ.எஸ்., 74 மி.மீ. இடைவெளியில் நேராக இருப்பது போஸ்ட் மவுன்ட். அடாப்டர் போட்டு ஒன்றை மற்றொன்றுக்குப் பொருத்தலாம். முளையும் டிஸ்க் இடமும் இரண்டும் உள்ள ஃபோர்க் கிடைத்தால் அதையே எடுங்கள், நாளைக்கு மனம் மாறினாலும் உதவும்.

வி-பிரேக் ஃபோர்க்கில் டிஸ்க் காதை வெல்டிங் வைக்கக் கூடாது. டிஸ்க் பிரேக்கின் மொத்த இழுப்பும் இடது காலின் அடியில் விழும், அந்தக் கால் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. இன்னொன்று: டிஸ்க் பிடிக்கும்போது ஆக்சிலைப் பள்ளத்திலிருந்து வெளியே தள்ளும் விசை உண்டாகிறது. குயிக் ரிலீஸ் லீவரை உள்ளங்கையில் தடம் விழும் அளவுக்கு இறுக்குங்கள், மலை இறங்கும் முன் ஒருமுறை பாருங்கள்.

இருக்கும் சக்கரத்தையே மாட்டலாமா? 27.5 போடலாமா?

பழைய ஹப் பெரும்பாலும் 100 மி.மீ. அகலம், 9 மி.மீ. குயிக் ரிலீஸ். ஃபோர்க்கும் அதே வகையா என்று கேட்டு வாங்குங்கள். துளை வழியாக நுழைக்கும் 15 மி.மீ. ஆக்சில் உள்ள ஃபோர்க்கில் பழைய சக்கரம் உட்காராது.

வி-பிரேக்கில் 27.5 நடக்காது. 26-ன் ரிம் 559 மி.மீ. விட்டம், 27.5-ன் ரிம் 584, பிரேக் கட்டை பன்னிரண்டரை மி.மீ. உயரே போக வேண்டும், அவ்வளவு இடம் முளையில் இல்லை. டிஸ்க்கில் டயருக்கு இடமிருந்தால் போடலாம். ஆனால் பெரிய சக்கரமே முன்பக்கத்தை உயர்த்தும், அதையும் நீளக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கை அதிர்வுக்கு என்ன வழி?

முன்னால் 2.2 அல்லது 2.3 அங்குல டயர் போடுங்கள். இரு பக்கமும் மேலும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இருக்கட்டும், செம்மண் சேறு ஒட்டினால் தேவைப்படும். 70 கிலோ எடை உள்ளவர் மண் பாதையில் முன் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. வைத்தால் போதும், தார் ரோட்டுக்கு 40. பம்பில் 60 வரை ஏற்றிவிட்டு 'ரிஜிட் ஃபோர்க் கையை உடைக்குது' என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். காற்றைக் குறைத்தாலே பாதி வலி போய்விடும். தடித்த கிரிப் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பின்னாலும் ஷாக் உள்ள சைக்கிளுக்கு?

வேண்டாம். முன்னும் பின்னும் சேர்ந்து இறங்குவதற்காகச் செய்த ஃபிரேம் அது.

மாட்டும்போதும் மாட்டிய பிறகும் எதைக் கவனிக்க வேண்டும்?

கீழ் வளையம் தோள்பட்டையில் முழுவதும் உட்கார வேண்டும், நகம் நுழையும் இடுக்குகூட இருக்கக் கூடாது. ஹெட்செட்டைத் திறந்ததும் பால்ரஸ்ஸையும் கையோடு மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. ஸ்டியரரை வெட்டும் முன் எல்லாவற்றையும் கோத்துப் பார்த்து, ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே வரும்படி குறியுங்கள். உயரம் சந்தேகமாக இருந்தால் வளையம் போட்டு நீளமாகவே விட்டுவைத்து, ஓட்டிப் பார்த்த பிறகு அறுக்கலாம். மூடியின் போல்ட் ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும்தான், அதை முதலில் இறுக்கி, பிறகு ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளை 5 நியூட்டன் மீட்டர் அளவில் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

முதல் நாளே மலைக்குப் போகாதீர்கள். கோரிமேடு பக்கம் சமதள ரோட்டில் ஓட்டி, ஆளில்லாத இடத்தில் முன் பிரேக்கைப் பலமாகப் பிடித்துப் பாருங்கள். சத்தமோ நடுக்கமோ இல்லை என்றால் அடுத்த வாரம் அடிவாரம். மேலே போய் இறங்கும்போது வி-பிரேக் வைத்திருப்பவர்கள் ரிம் சூடாகாமல் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். கீழே வந்ததும் முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை ஆட்டுங்கள். புது ஹெட்செட் முதல் இறக்கத்தில் கொஞ்சம் உட்காரும். ஆட்டம் தெரிந்தால் ஸ்டெம் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி ஸ்டெம்மை இறுக்கினால் சரியாகிவிடும்.